மடைக்கும் மறுகாலுக்கும் நடுவே

"இந்தப் பக்கம் ஓடுறதுக்கு நல்ல இடம் எதுக்கா?" என்று கேட்டாள், எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண். கோயம்புத்தூர்க்காரி, ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓடிப் பழகியவள். ஓடுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் லேசில் விட மாட்டார்கள். நானும் மதியச் சாப்பாட்டு நேரம் முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். வ.உ.சி. மைதானம், குறுக்குத்துறை, பாளையங்கால்வாய்க் கரை, அப்புறம் எனக்கு உயிரான குளத்தங்கரை. எந்த மாதம் எது தோதாக இருக்கும், எங்கே நாய் நிற்கும், எங்கே முள் கிடக்கும் என்பது வரை. அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் போயும் பார்த்தாள். சில வாரம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டேன். இடமெல்லாம் அழகுதான் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குப் பரவாயில்லக்கா. உங்கள அங்க எல்லாருக்கும் தெரியும். என்னை யாருக்குத் தெரியும்?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான்தான் அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்ல இடம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவதில் இடத்தைச் சேர்ந்தது எவ்வளவு, என்னைச் சேர்ந்தது எவ்வளவு என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அணை மட்டம் பார்த்து ஓடுவது

திருநெல்வேலிச் சீமையில் ஓடுகிறவர்கள் விவசாயிகளைப் போலவே காலையில் நாளிதழில் அணை மட்டம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பாபநாசம் மொத்தம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாளைக்கு எந்தக் கரையில் ஓடலாம் என்பது தெரிந்துவிடும். ஏனென்றால் இங்கே ஓடுவதற்கென்று யாரும் போட்டுவைத்த பாதை குறைவு. தண்ணீர் போவதற்காகப் போட்ட கரைகள்தான் நமக்குப் பாதை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்வதற்குள் 128 கிலோமீட்டர் ஓடுகிறது தாமிரபரணி. அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்னாலேயே இருந்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, கால்வாயிலிருந்து குளம் குளமாக நிரம்புகிறது.

ஓடுகிறவர் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. கால்வாயில் தண்ணீர் அடித்துக்கொண்டும் போகக்கூடாது, தேங்கியும் நிற்கக்கூடாது. அதனால் நிலத்தின் மேடு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி, மிக மிக லேசான சரிவில் வெட்டியிருக்கிறார்கள். அதன் கரையும் அப்படியே போகும். ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் ஏற்றம் என்று ஒன்று காலுக்குத் தெரியாது. நேர்கோடாகவும் இருக்காது. வளைவுக்கு வளைவு வேறு வயல், வேறு தென்னந்தோப்பு, வேறு காற்று. தார்ச்சாலையில் முட்டிவலி வந்து ஓட்டத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த காலத்தில் என்னைத் திரும்ப ஓடவைத்தது இந்த மண்கரைதான்.

மாதமும் முக்கியம். ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கால்வாய்க் கரை முழுக்கக் குளிர்ந்துவிடும். ஆனால் அப்போதுதான் மேல்காற்றும் தொடங்கும். ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக வரும் அந்தக் காற்றை எதிர்த்து ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், முகத்தில் மண்ணை வாரி இறைக்கும். அந்த நாட்களில் முதலில் மேற்கே பார்த்து ஓடிவிட வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே காற்றோடு மல்லுக்கட்டிவிட்டால், திரும்பி வரும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விடும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த போகமான பிசான நெல்லுக்கு நடவு நடக்கும். கரையெல்லாம் சேறு, நாற்றுக்கட்டு, ஆள் நடமாட்டம். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுக்கிடையைக் காக்கிற நாய்கள் தெருநாய் மாதிரி இல்லை. குரைத்துவிட்டு ஒதுங்காது. கிடை இருக்கும் வயலை ஒட்டி ஓடவே கூடாது, நடந்துதான் கடக்க வேண்டும், ஆடு மேய்க்கும் கீதாரி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் கால்வாய் காய்ந்துவிடும். விடிந்த உடனேயே புழுக்கம் ஏறிவிடும். அப்போது ஆற்றங்கரைதான் கதி.

ஆற்றங்கரை என்றால் எனக்குக் குறுக்குத்துறை. பாளையங்கோட்டையிலிருந்து கொக்கிரகுளம் வந்து, சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டவைத்த பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1843-இல் திறந்த பாலம், இன்னமும் பேருந்தும் லாரியும் போகிறது. அந்த ஒரு துண்டு மட்டும் வண்டிப் புகை. ஐந்தரைக்கு முன்னால் கடந்துவிட்டால் பிரச்சினை இல்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறையில் இருப்பது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மூலவரை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். தண்ணீர் கோயிலின் மேல் ஏறி ஓடிவிட்டு இறங்கும், பிறகு கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். கோடையில் அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஓடி முடித்து, ஷூவைக் கழற்றிவிட்டுப் படித்துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கெண்டைக்குஞ்சு வந்து விரலைக் கொத்தும். அந்தச் சுகத்துக்காகவே போகலாம்.

வ.உ.சி. மைதானம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விளக்கு உண்டு, ஆள் உண்டு, பாதுகாப்பு உண்டு. எனக்கு வட்டமடிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். பாளையங்கால்வாயைப் பற்றிப் பேசினால் மனசு கனத்துவிடுகிறது. பழவூர் அணைக்கட்டில் அவ்வளவு தெளிவாகப் புறப்படுகிற தண்ணீர், மேலப்பாளையத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே வரும்போது சாக்கடையும் பிளாஸ்டிக்கும் கோழிக் கழிவுமாகிவிடுகிறது. ஊருக்குள் அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. ஊரைத் தாண்டினால் வயல் வந்துவிடும், நாற்றம் குறையும், கரையும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர்தான் அந்த வயலுக்குப் பாய்கிறது என்ற நினைப்பு கூடவே ஓடிவரும்.

குளத்தங்கரை

குளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பைக்கில் வந்து கரைமேல் வீடியோ எடுப்பார்கள், மழை ஈரத்தில் டயர்த் தடம் விழும், அந்தத் தடத்தில் தண்ணீர் நின்று கரையை அரிக்கும். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, கால்வாயின் கடைமடைப் பக்கம் இருக்கிறது என்பது போதும். ஒரு கோடியில் ஊர், மறு கோடியில், குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற மறுகால். நடுவில் வயலுக்குத் தண்ணீர் விடுகிற இரண்டு மடை. வெளிச்சரிவில் பனை வரிசை. ஊரை ஒட்டிய கோடியில் மாடன் பீடம், அதன் பக்கத்தில் ஒரு வேம்பு. உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற பக்கம், சீமைக் கருவேலம் ஏறிக் கிடக்கிறது. ஆங்காங்கே குடை விரித்த மாதிரி நம்ம ஊர் உடை மரம். உடை முள் ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், அதனால் கண் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். மார்கழி, தையில் குளம் பெருகிக் கிடக்கும்போது நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் உள்வாய் ஓரம் வரிசையாக நிற்கும். நீர்க்காகம் பட்டுப்போன கருவேலக் கிளையில் சிறகை விரித்துக் காயப்போடும். நான் பக்கத்தில் ஓடினாலும் அசையாது. நின்று பார்த்தால்தான் பறந்துவிடும்.

நான் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதன்முதலில் கரையில் ஓடத் தொடங்கியபோது புல்லறுக்க வந்த பெண்கள் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஏம்மா, சுகரா? டாக்டரு ஓடச் சொல்லிட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். சும்மா ஓடுவது என்ற பதில் அங்கே யாருக்கும் போதவில்லை. "யாரு வீட்டுப் பிள்ளை நீ?" என்பதுதான் அடுத்த கேள்வி. மாமனார் பெயரைச் சொன்னேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். "வாத்தியார் வீட்டு மருமவளா!" என்று அரிவாள் திரும்பவும் புல்லுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. விடியும் முன் மாடன் பீடத்தைத் தாண்டி ஓடாதே என்று ஒரு ஆச்சி மட்டும் சொல்வாள், நானும் அந்த இடத்தில் நடந்து கடந்துவிடுவேன்.

கரையில் எனக்கு இருந்த உரிமை அன்றைக்கு மாமனார் பெயரில் பதிவானதுதான். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட இடம் கிடைத்தது, போதும் என்றிருந்தேன்.

நண்டு வளை

2023 டிசம்பர் 17, 18 இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் குளம் குளமாக உடைந்தது. எங்கள் குளம் உடையவில்லை. மறுகால் ஒரு ஆள் உயரத்துக்குப் போனது, கரை நின்றது. ஊரில் எல்லோரும் மாடன் காப்பாற்றினான் என்றார்கள். மடையைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருஷம் ஐப்பசியில், குளம் பெருகத் தொடங்கியபோது, அவர் என்னைக் கரையில் நிறுத்தினார்.

"ஏம்மா, தெனமும் இதுல ஓடுதியே, மேல பாத்து ஓடுவியா, கீழ பாத்து ஓடுவியா?"

"கீழ பாத்துதான் அண்ணாச்சி. முள்ளு கெடக்கும்லா."

"அப்பம் ஒரு வேல செய்யி. புதுசா வளை தெம்பட்டா எனக்கு ஒரு சத்தம் குடு."

என்ன வளை என்று எனக்குப் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரையின் உள்சரிவில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. வாயில் மணிமணியாக உருட்டிப் போட்ட ஈரமண். நண்டு வளை. இன்னொன்று சற்று மேலே, வாய் அகலமாக, சுற்றிலும் பொடிமண் தள்ளிக் கிடந்தது. அது எலி. நண்டு வளை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும், எலி வளை கரைக்குள்ளேயே பக்கவாட்டில் போகும். இரண்டும் எங்கேயாவது சேர்ந்துவிட்டால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அப்புறம் வெளிச்சரிவுக்கு இறங்கினோம். பனையடியில் ஒரு இடம் மட்டும் பச்சையாக, கோரை முளைத்து, காலை வைத்தால் லேசாக அமுங்கியது. அண்ணாச்சி குனிந்து கையால் ஒரு சிறு குழி தோண்டினார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்துக்குக் காட்டினார். கைரேகை தெரிந்தது.

"தெளிவா வருதா? பயமில்ல. எல்லாக் கரையிலயும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். இதே தண்ணி கலங்கி வந்தா, உள்ள மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி தூங்கப்படாது."

ஒரு கரை மேலே தண்ணீர் வழிந்துதான் உடையும் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், ஒரு எலிப் பொந்தின் அகலத்தில் அது தொடங்கிவிட முடியும் என்பதை அந்தக் கையளவு தண்ணீரில்தான் பார்த்தேன். முன்பெல்லாம் கரையில் மாடு போகும், வண்டி போகும், வயலுக்குப் போகிறவர்கள் கரைவழியாகத்தான் போவார்கள். யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். இப்போது எல்லோரும் பைக்கில் தார்ச்சாலை வழியாக வயலுக்குப் போய்விடுகிறார்கள். மடையிலிருந்து மறுகால் வரை முழுக் கரையையும் தினமும் காலால் அளக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்றார் அண்ணாச்சி. அவருக்கு முட்டி போய்விட்டது, மடை வரைக்கும்தான் வர முடிகிறது.

அன்றிலிருந்து என் ஓட்டம் மாறிவிட்டது. வேகம் குறைந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. போகும்போது உள்சரிவைப் பார்த்துக்கொண்டு ஓடுவேன், வரும்போது வெளிச்சரிவை. பழைய வளை எது, நேற்று ராத்திரி போட்டது எது என்று மண்ணின் நிறத்திலேயே தெரிய ஆரம்பித்தது. புது மண் கருப்பாக இருக்கும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சந்தேகமாக எதையாவது பார்த்தால் போனில் படம் எடுத்து, எத்தனையாவது பனைக்கு நேரே என்று சொல்லிவிடுவேன். அவர் மகனையோ வேறு ஆளையோ அனுப்புவார். வளையைத் தோண்டித் திறந்து, களிமண்ணைக் குழைத்துத் திணித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்து இறுக்குவார்கள். ஒரு முறை கசிவு லேசாக மங்கலாக இருப்பதுபோலத் தோன்றி, ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். பார்த்துவிட்டு மாடு மிதித்த கலங்கல்தான் என்று சொன்னார். சொன்னாலும் அன்றைக்குச் சாயங்காலம் வரை ஆள் நிறுத்தி வைத்தார். என் பேச்சுக்காக ஒரு ஆளின் அரைநாள் கூலியைச் செலவழித்தார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கொஞ்ச நாளில் புல்லறுக்கிற பெண்கள் புதிதாக வந்த ஒருத்தியிடம் என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. "கரை பாக்குற அம்மா." வாத்தியார் வீட்டு மருமகள் என்று சொல்லவில்லை. மிச்ச தூரத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஓடினேன்.

என்னை யாருக்குத் தெரியும்

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கேட்டதற்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பாதையில் நமக்கு இடம் கிடைப்பது அந்தப் பாதையின் வேலையில் நாமும் ஒரு கை பிடிக்கும்போதுதான், அப்புறம் யாரும் யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். "கேக்க நல்லா இருக்குக்கா," என்றாள். "ஆனா ஒரு ஆம்பள வந்து அந்தக் கரையில ஓடினா அவன்கிட்ட நண்டு வளை பாக்கச் சொல்லுவாங்களா? ஒண்ணும் செய்யாமலே ஓடிட்டுப் போயிடுவான்ல? ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தியும் வேலை செஞ்சு காட்டினாத்தான் ஓடலாம்னா எப்படி?"

ரேஸ்கோர்ஸில் தன்னை யாரும் யார் என்று கேட்டதில்லை, அதுதான் அந்த இடத்தில் தனக்குப் பிடித்தது என்றாள். விளக்கு வெளிச்சம், நடைபாதை, முன்னாலும் பின்னாலும் நூறு பேர், ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது. இங்கே கால்வாய்க் கரையில் ஓடியபோது பைக்கில் வந்த ஒருவன் கூடவே மெதுவாக வந்துகொண்டிருந்தானாம். ஒன்றும் பேசவில்லை, தொடவில்லை. வந்துகொண்டே இருந்தான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், ஓடி ஒதுங்க வழி கிடையாது. நான் பெரிய குணமாகச் சொன்ன அந்தக் கரை அவளுக்கு இரண்டு பக்கமும் அடைத்த சந்தாகத்தான் இருந்திருக்கிறது. என்னை அப்படி ஒருவன் தொடர்ந்திருந்தால் அடுத்த வயலில் நின்று ஒரு சத்தம் போட்டால் போதும், நாலு பேர் வருவார்கள், வந்து என் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். அவள் சத்தம் போட்டிருந்தாலும் வந்திருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் அந்த இருட்டில் அதை நம்ப வேண்டியது அவள், நான் இல்லை.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொல்வது சரி. அண்ணாச்சி காட்டியதும் சரி. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. குளத்தங்கரை முழுக்கப் பேவர் பிளாக் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, சிமென்ட் பெஞ்சு போட்டு நடைபயிற்சிப் பாதை ஆக்கலாம் என்று. நகரத்துக்குள் பல குளங்களுக்கு இப்படிச் செய்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரையின் மேல்பக்கத்தைக் கல்லால் மூடிவிட்டால் விரிசல் விட்டால் எப்படித் தெரியும், மண் உள்வாங்கினால் எப்படித் தெரியும்? சரிவில் சிமென்ட் பூசிவிட்டால் நண்டு போகாது என்கிறார்கள். எலி போகும், சிமென்டுக்கு அடியில் போகும், நமக்குத்தான் தெரியாது. இரண்டு நாள் ஊறிய கரையில் நடக்கும்போது கால் கொஞ்சம் அமுங்குவதை வைத்தே அண்ணாச்சி ஊற்று எங்கே என்று சொல்லிவிடுகிறார். கல்மேல் நடக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. பனையை வெட்டாமல் கம்பம் நட முடியாது என்று வேறு சொல்கிறார்கள். கரையை இத்தனை காலம் இறுக்கிப் பிடித்துவைத்திருப்பதே அந்தப் பனைவேர்தான்.

ஆனால் விளக்கு? முன்பு என்றால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். பறவைக்கு ஆகாது, இருட்டுதான் அழகு என்று ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மனசு வரவில்லை. ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. எட்டரைக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண், சமையலை முடித்துவிட்டு ஓட வேண்டுமென்றால் இருட்டில்தான் ஓட வேண்டும். அவளுக்கு இருட்டின் அழகைப் பற்றி நான் என்ன சொல்ல?

அவளும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓடுகிறோம். என்னைவிட வேகம். மறுகால் வரை போய்விட்டு எனக்காகக் காத்திருப்பாள். நண்டு வளையைப் பார்க்க நான் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடப் போவதும் இல்லை. அவள் சும்மாவே ஓடட்டும். புல்லறுக்கிறவர்கள் யாரு இது என்று என்னிடம் கேட்டபோது அவள் பெயரை மட்டும் சொன்னேன். எந்த ஊர், யாரு மகள் என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். "ஓட வந்திருக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபையில் பேவர் பிளாக் விஷயம் வருகிறது. இருவரும் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஊர்க்கோடியிலிருந்து முதல் மடை வரை விளக்கு போடுங்கள், உயரம் குறைவாக, வெளிச்சம் குளத்துப் பக்கம் போகாதபடி போடுங்கள். மடைக்கும் மறுகாலுக்கும் நடுவே மண் கரையாகவே இருக்கட்டும். பனை ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். கரையில் பைக் வராதபடி இரண்டு கோடியிலும் கல் நடுங்கள். கடைசி வரி அவள் எழுதியது. வேறு ஊர்ப் பெண், நீ பேசினால் சபையில் எடுபடுமா என்று கேட்டேன். நான்தான் அந்தக் கரையில் இருட்டில் ஓடணும்னு கேக்கறேன், நான் பேசாம யார் பேசுவா என்றாள். அவள் விளக்கைப் பற்றிப் பேசுவாள், நான் கரையைப் பற்றி. அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நடவுக்கு ஆள் வருதே, பாக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.